வெளிப்பக்கம் இரண்டு புது டயர்

டிரைவர் ஆமைக்கு முதலாளி தர வேண்டியிருந்தது அறுபதாயிரம். மாதம் பன்னிரண்டாயிரம் வீதம் ஐந்து மாதச் சம்பளம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. முதலாளி வாயால் சொன்னார், டிரைவர் காதால் கேட்டான், அவ்வளவுதான். லாரித் தொழிலில் இந்த மாதிரிக் கடனுக்குத்தான் கனம் அதிகம். காகிதத்தில் எழுதியதைக் கிழித்துப் போடலாம். வாயால் சொன்னதை எங்கே கொண்டுபோய்க் கிழிப்பது?

முதலாளியை லாரிக்காரர்கள் சுத்தியல்காரர் என்பார்கள். சீட்டுக்கு அடியில் மரப்பிடி போட்ட ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்பார். வண்டி எங்கே நின்றாலும் இறங்கிப் பத்து டயரையும் ஆளுக்கொரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். ‘டங்’ என்றால் காற்று சரி. ‘தொப்’ என்றால் குறைவு. மீட்டர் வைத்துக் காற்று அளப்பவனைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். “பொண்டாட்டி கோவமா இருக்காளான்னு மீட்டர் வச்சா பாக்குற? குரலைக் கேட்டாத் தெரியாது?” என்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கிளீனராக ஏறினார், பதினெட்டில் ஸ்டீயரிங் பிடித்தார், முப்பதில் சொந்த வண்டி, நாற்பத்தைந்தில் நான்கு வண்டிக்கு முதலாளி. யார் தயவும் இல்லை, எவன் சிபாரிசும் இல்லை. அப்பன் விட்டுப்போன சொத்து ஓர் ஓட்டை வாளி, அதையும் தம்பி தூக்கிக்கொண்டு போய்விட்டான். இதை அவரே சொல்லிச் சொல்லி, பெட்ரோல் பங்குப் பையன்கூட மனப்பாடமாக ஒப்பிப்பான். சொன்னால் என்ன தப்பு? படித்தவன் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறான். படிக்காதவன் வாயில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஏறின வண்டி இறங்கவும் செய்யும். டீசல் விலை ஒன்றைத் தின்றது. மூத்த மகன் ‘தொழில் பழகுகிறேன்’ என்று வாங்கிப் போய் ஒன்றைத் தொலைத்தான். மூன்றாவதைக் கடன் கம்பெனிக்காரன் பட்டப்பகலில் வாசலிலிருந்து ஓட்டிக்கொண்டு போனான். அறுபத்து மூன்று வயதில் அவருக்கு மிஞ்சியது ஒரு பத்துச் சக்கர லாரி, அதன்மேல் இன்னும் பாதிக் கடன், பிறகு ஆமை.

ஆமை இருபத்திரண்டு வருடமாக அவரிடம் இருக்கிற டிரைவர். நாற்பதுக்கு மேல் வேக முள்ளை ஏறவிடமாட்டான். அதனால்தான் அந்தப் பெயர். “டேய், உன்னை முந்திக்கிட்டுப் போனது ஒரு தண்ணி லாரிடா. பின்னாடி ஒழுகிக்கிட்டே போகுது, அதுகூட உனக்காகக் காத்திருக்கல” என்று சுத்தியல்காரர் கத்துவார். “போய்ச் சேர்றவன்தான் முதலாளி முந்தினவன்” என்பான் ஆமை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோழிகூட அவன் சக்கரத்தில் மாட்டியதில்லை.

சிமென்ட் ஆலை வாசலில் பரிசோதகர் வண்டியை நிறுத்தினார். பத்துச் சக்கரத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு அச்சில் நான்கு நான்காக எட்டு. அந்த எட்டில் இஞ்சினின் இழுவை இறங்குவது ஒரே அச்சில். பக்கத்துக்கு ஒரு ஜோடி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. லாரியை உந்தித் தள்ளுகிற அந்த நான்கு டயரிலும் தரையைக் கவ்வுகிற பட்டன் தேய்ந்து கிழவன் பல் மாதிரி ஆகியிருந்தது.

“பெரியவரே, அடுத்த திங்கக்கிழமைக்குள்ள மாத்துங்க. இதே டயரோட வந்தா லோடு கிடையாது.”

அன்றைக்குத்தான் பழைய வாடகைப் பில்லும் பாஸாகி, அறுபத்திரண்டாயிரம் கைக்கு வந்தது. அது வந்ததும் உனக்குத்தான் என்று ஆமையிடம் சொல்லி இரண்டு மாதமாகிறது. ஆமையின் மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வண்டி நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பணம் சுத்தியல்காரர் சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது.

“உன் பணம்தான்டா இது. இல்லங்கல” என்றார். “ஆனா லோடு ஏறலன்னா நீயும் நானும் கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான். டயரைப் போட்டா மாசக் கடைசிக்குள்ள ஆறு நடை அடிச்சிடலாம். பாப்பா ஃபீஸு என் பொறுப்பு. நான் சொல்லி என்னைக்காவது தப்பியிருக்கனா?”

ஆமை ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கீறினான், அழித்தான்.

“சரி முதலாளி. ஆனா நல்ல டயரா பாத்துப் போடுங்க. மேல உக்காந்திருக்கறது நான்.”

“டயர் பாக்க எனக்குச் சொல்லித் தர்றியா நீ?”

டயர் கடையை இப்போது நடத்துவது பழைய கடைக்காரரின் மகள். முப்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் தையல்காரர் மாதிரி ஒரு நாடா. புது ரப்பர் வாடை ஆளை அடிக்கும் அந்தக் கடையில், அவள் குனிந்து நான்கு டயரையும் சுற்றி நாடா போட்டு அளந்து, நகத்தளவு கருவி ஒன்றைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டாள்.

“ஐயா, உங்க டயர்ல மேல்தோல்தான் போயிருக்கு. உடம்பு கல்லு மாதிரி இருக்கு. நல்லா ஓட்டியிருக்காங்க.”

“என் டிரைவர் ஓட்டுறது இல்ல, உருட்டுறான்.”

“நாலையும் கழட்டிக் குடுங்க. ரீட்ரேட் பண்ணித் தர்றேன். ஒண்ணுக்கு ஏழாயிரம், மொத்தம் இருபத்தெட்டு. நாலு நாள். நாலும் ஒரே உயரம், ஒரே பட்டன். ஒரு வருசம் தாராளமா ஓடும்.”

சுத்தியல்காரர் சிரித்தார். பழைய டயரின் மேல் புதுத் தோல் ஒட்டுவதை அவர் எப்போதும் ஏளனம் செய்தவர். நான்கு வண்டி ஓடிய காலத்தில், ரீட்ரேட் போட்டவனைப் பார்த்து “என்னப்பா, வண்டிக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடியா?” என்று டீக்கடையே அதிரக் கேட்டவர். அந்த டீக்கடையில் அதே ஆட்கள்தான் இன்னமும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று வண்டி போனதை அவர்கள் பார்த்தாயிற்று. இதையுமா பார்க்க வேண்டும்?

“உங்கப்பன் இருந்தா என்கிட்ட இதைச் சொல்லியிருப்பானா பாப்பா? ஒட்டுப்போட்ட டயர் என் வண்டியில ஏறினதே இல்ல. புதுசு எவ்வளவு?”

“ஒண்ணு முப்பது. ஆனா நாலும் எடுக்கணுமே.”

“ரெண்டு குடு. பக்கத்துக்கு ஒண்ணு, வெளிப்பக்கம் மாட்டு. உள்ள பழசு இருந்துட்டுப் போகட்டும். வாசல்ல நிக்கிறவன் என்ன, படுத்துக்கிட்டா பாக்கப் போறான்?”

அவள் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

“வேண்டாம் ஐயா. புதுசு பழசை விட விரல்கனம் உயரம். ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு மரத்தைத் தோள்ல தூக்குறாங்கன்னு வைங்க. ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை. மரம் யாரு தோள்ல உக்காரும்? குட்டையன் சும்மா கையை வீசிக்கிட்டு வருவான். நெட்டையன் செத்துப்போவான். ஜோடில உயரம் ஒண்ணா இல்லன்னா புதுசு கொதிச்சு வெடிச்சிடும். அது வெடிச்சா அடுத்த நிமிசம் பழசும் போகும்.”

“நாப்பத்தஞ்சு வருசமா இந்தக் கை டயரைத் தொட்டுக்கிட்டிருக்கு.”

“நான் இல்லன்னு சொல்லல. அளந்ததைச் சொல்றேன்.”

டயர் இரண்டையும் மாட்டிக் காற்றடித்த பிறகு சுத்தியல்காரர் சுத்தியலை எடுத்தார். வெளி டயரில் ஒரு தட்டு. டங். உள் டயரில் ஒரு தட்டு. டங். இரண்டும் ஒரே குரல், ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி.

“கேட்டியா? நாடா பொய் சொல்லும். இது சொல்லாது.”

அவள் அறுபதாயிரத்தை வாங்கி மேசைக்குள் வைத்தாள். இந்தப் பேச்சு நடந்த நேரமெல்லாம் ஆமை தெருமுனையில் ஜாக்கிக் கட்டை வாங்கப் போயிருந்தான். அவன் திரும்பி வந்து கறுப்பாக மின்னிய புது டயரைத் தடவிப் பார்த்து, “நல்லாயிருக்கு முதலாளி” என்றான். உள்ளே குனிந்தும் பார்த்தான். “உள்ள மாத்தலையா?” என்றான். “அது இன்னும் ஆறு மாசம் போகும், அந்தம்மாவே சொல்லுச்சு” என்றார் சுத்தியல்காரர்.

வாசல் பரிசோதகர் வெளிப்பக்கம் பார்த்தார், தலையசைத்தார். முதல் நடை நன்றாகப் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. டீக்கடையில் சுத்தியல்காரர் வண்டியை வேண்டுமென்றே வெளிச்சம் படும்படி நிறுத்தச் சொன்னார். யாரோ “பரவாயில்லையே, சிங்கம் இன்னும் உறுமுது” என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கிற்று.

மூன்றாவது நடைக்கு அவரும் கூட ஏறினார். நல்ல வெயில். படித்தவர்கள் எழுதுகிற கதையில் இந்த இடத்தில் வானம் இருட்டும், காற்று வீசும். இங்கே அதெல்லாம் இல்லை. வெள்ளை வெயில், நேர் ரோடு, பதினாறு டன் சிமென்ட். தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் ஆமை பின்னால் போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

“முதலாளி, வெளி டயர் கொதிக்குது, கை வைக்க முடியல. உள்ளது பச்சைத் தண்ணியாட்டம் இருக்கு. என்னமோ சரியில்ல. ஒரு மணி நேரம் ஆறப்போட்டுப் போலாம்.”

கடைக்காரி சொன்ன நெட்டையனும் குட்டையனும் அந்த நொடியில் அவர் மனதில் வந்து நின்றார்கள். வரவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் சத்தியம் செய்திருக்கிறார். வந்தார்கள். அவர் இறங்கிப் போய்ச் சுத்தியலால் தட்டினார். டங். டங்.

“புது ரப்பர் அப்படித்தான்டா சுடும். புதுப் பொண்டாட்டி மாதிரி. ஏறு.”

ஆமை ஏறினான்.

எட்டாவது கிலோமீட்டரில் வெடித்தது. பீரங்கி போட்ட மாதிரி ஒரு சத்தம். வண்டி வலப்பக்கம் தாழ்ந்தது. ஆமை பதறவில்லை, பிரேக்கைத் தொடாமல் ஓரம் கட்டப் பார்த்தான். அவன் இடத்தில் வேறு எவன் இருந்தாலும் வண்டி மல்லாந்திருக்கும். ஆனால் வெளிச்சுமை மொத்தமும் உள்ளே இருந்த மொட்டை டயரில் இறங்க, அதுவும் கிழிந்தது. சக்கரத்தின் இரும்பு தாரைக் கீறிக்கொண்டு இழுக்க, மூட்டைகள் ஒரு பக்கம் சரிய, வண்டி ரோட்டின் குறுக்கே வலப்பக்கம் இழுபட்டுப் பாலத்துச் சுவரில் போய்ச் சாய்ந்தது. ஆமையின் வலது கை ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில்.

சுத்தியல்காரருக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. ஒரு மணி நேரம் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சிமென்ட் தூள் இரண்டு பேர் மேலும் மாவு மாதிரி படிந்திருந்தது. ஆமை ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான்.

“ரோட்ல போனவங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே முதலாளி?”

ஆஸ்பத்திரியில் கையை எடுக்கவில்லை. அதைப் பெரிய பாக்கியம் என்று டாக்டர் சொன்னார். “கை இருக்கும். ஆனா விரல் மடங்காது. நரம்பு போயிடுச்சு.” விரல்கள் விரிந்தபடியே அது கட்டிலில் கிடந்தது. இனி ஸ்டீயரிங் பிடிக்காது, கியர் பிடிக்காது, ஒரு தம்ளர்கூடப் பிடிக்காது.

வண்டிக்கு இருந்த இன்ஷூரன்ஸ் எதிராளி நஷ்டத்துக்கு மட்டும்தான் செல்லும். சொந்த வண்டிக்கு இல்லை. அதையும் அவர்தான் இரண்டு வருடத்துக்கு முன் செலவு மிச்சம் என்று குறைத்திருந்தார். லாரியைப் பழைய இரும்புக்காரன் எடைபோட்டு வாங்கினான். வந்த பணம் கடன் கம்பெனிக்குப் போதவில்லை. மனைவி பேரில் இருந்த காலி மனையை விற்று அதையும், ஆஸ்பத்திரியையும், ஆலைக்காரன் மூட்டைக் கணக்கையும் அடைத்தார். மனைவி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். “எல்லாத்தையும் நீயே ஆரம்பிச்ச, நீயே முடிச்ச. யாரையும் விடல” என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் அவரை ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசி வந்தது, போயிற்று. ஆமையின் மகள் நர்ஸ் படிப்புக்குப் போகவில்லை. துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலைக்குப் போனாள்.

இதையெல்லாம்கூட மனிதன் தாங்கிவிடலாம். நொடித்துப்போனவன் உலகத்தில் அவர் ஒருவரா? ஆனால் கட்டிலில் கிடந்த ஆமை ஒரு நாள் கேட்டான்: “புது டயரு எப்படி முதலாளி மூணாவது நடையில வெடிக்கும்? தயாரிப்புல குத்தமா இருக்குமோ?” சுத்தியல்காரர் ஒரு மூச்சு யோசித்தார். “அதான்டா. இப்ப வர்றதெல்லாம் குப்பை” என்றார். அந்த ஒரு மூச்சுதான். அதற்குப்பிறகு நாலு மாதம், பார்க்கப் போகும்போதெல்லாம், ஆமை அந்த டயரைத் திட்டினான், இவரும் சேர்ந்து திட்டினார். திட்டத் திட்ட அது பாதி நிஜமாகவே ஆகிவிட்டது.

ஐந்தாம் மாதம் ஆமை தானே கிளம்பி டயர் கடைக்குப் போனான், நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொடுக்க. கடைக்காரி அவன் கையைப் பார்த்தாள். உட்காரச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஆமை மனைவியோடு வந்தான். சுத்தியல்காரர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

“உக்காருடா.”

ஆமை நின்றான். “இருபத்தெட்டாயிரத்துல முடிஞ்சிருக்குமாமே முதலாளி?”

அவர் நகர்ந்து படியில் இடம் விட்டார்.

“அளந்து காட்டுச்சாமே அந்தம்மா. வெடிக்கும்னு வாயால சொல்லுச்சாமே. உள் டயரு ஆறு மாசம் போகும்னு அது சொன்னதா என்கிட்ட சொன்னீங்க.”

“சுத்தியல்ல தட்டிப் பாத்தேன்டா. ரெண்டும் ஒரே சத்தம்...”

“சுத்தியலுக்குக் காத்து தெரியும் முதலாளி. உயரம் தெரியுமா?”

நாற்பத்தைந்து வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. கிளீனர் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விடை.

ஆமையின் மனைவிதான் பேசினாள். சத்தமில்லாமல், வீட்டுக் கணக்குச் சொல்கிற மாதிரி. “இருபத்தெட்டு போக முப்பத்திரண்டு மிஞ்சியிருக்கும். எம்மக படிச்சிருப்பா. இவரு கை மூடியிருக்கும். டயரு வாங்கினது எங்க காசு. அதுல உங்க பவுசுக்கு ரெண்டு வாங்கினீங்க. எங்களுக்குன்னு ஒண்ணுமே வாங்கல.”

“நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மன்னிச்சிருப்பேன்” என்றான் ஆமை. “நாலு மாசம் அந்த டயரைத் திட்ட விட்டீங்களே. எனக்கு அதான் ஆறல.”

அவர்கள் போய்விட்டார்கள். சுத்தியல்காரர் படியிலேயே இருந்தார். மனைவி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவர் தெருக்கோடிப் பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைக்காரன் ஒரு காலத்தில் அவர் வண்டியில் கிளீனராக இருந்தவன். கூச்சத்தில் நெளிந்தான். “முதலாளி, நீங்க போய்...” என்றான். “முதலாளியாவது கத்திரிக்காயாவது. நெம்புகோலை எடு” என்றார். அறுபத்து மூன்று வயதில் லாரி டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றுவது என்றால் என்ன என்று நெம்பியவனுக்குத்தான் தெரியும். முதுகு இற்றுப்போகும். டீக்கடை எதிரிலேயே இருந்தது. பழைய ஆட்கள் பார்த்தார்கள். முதல் வாரம் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கேலியே தேவலை என்று அவருக்கு இருந்தது. ஜோடி டயர் மாட்ட வருகிறவனிடம் “ரெண்டும் ஒரே உயரமா, அளந்தியா?” என்று கேட்பார். பாதிப் பேர் சிரித்துவிட்டு, மீட்டரைக்கூட வைக்காமல், காலால் டயரை ஓர் உதை உதைத்துக் காட்டிவிட்டுப் போவார்கள்.

பதினேழு மாதம் பிடித்தது. கூலியில் பாதியை மனைவி வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள், பாதியைத் தகர டப்பாவில் போட்டாள். டப்பாவில் இருப்பதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அறுபதாயிரம் சேர்ந்த அன்று அவர் குளித்து, சட்டை மாற்றி, ஆமை வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. மூலையில் ஸ்டவ், சுவரில் மகளின் கடைச் சீருடை. ஆமை பாயில் உட்கார்ந்து இடது கையால் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கதவுப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

“உன் சம்பளம்” என்றார்.

“எதுக்கு முதலாளி?”

“முதலாளின்னு கூப்பிடாதடா.”

“வேற எப்படிக் கூப்பிடுறது? பழகிப்போச்சு.”

அவர் எதிரே உட்கார்ந்தார். முழங்கால் மடங்க நேரமாயிற்று. கட்டைப் பிரித்தார். நூற்றிருபது ஐநூறு ரூபாய் நோட்டுகள், பாதி கிரீஸ் கறையோடு. ஆமையின் மனைவி, “இடது கையில வாங்குங்க, அதுலதான் பிடிக்க வரும்” என்றாள்.

“சம்பளம் நான் இடது கையில வாங்கினதில்ல” என்றான் ஆமை. தோளிலிருந்து தூக்கி வலது கையை முன்னால் வைத்தான்.

மன்னிப்பு என்ற வார்த்தையைச் சுத்தியல்காரர் வழி முழுவதும் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எண்ண மட்டும்தான் முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார். நாற்பதுக்கு மேல் நோட்டுகள் சரியத் தொடங்கின. தன் இடது கையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்து, பெருவிரலால் நோட்டுகளை அழுத்திக்கொண்டார். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. ஆமை ரேடியோவை நிறுத்தினான். நூற்றுப் பத்தொன்பது. கடைசி நோட்டை வைத்து நூற்றிருபது என்றார். கை அப்படியே விரிந்திருந்தது.